காந்தியின் அணுகுண்டும் ஒரு வினைச்சொல்லும்

1991இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' என்னும் கணினி விளையாட்டில், கணினி இயக்கும் காந்தி அண்டை நாடுகளை அணு ஆயுதம் காட்டி மிரட்டுவார். இந்த முரணுக்கு ஒரு விளக்கம் வழங்கிவருகிறது. காந்தியின் போர்நாட்டத்துக்கு 1 என்னும் மிகக் குறைந்த மதிப்பு தரப்பட்டிருந்ததாம். இந்தியா மக்களாட்சியை ஏற்றதும் அதிலிருந்து 2 கழிக்கப்பட, எட்டு பிட் எண்ணில் எதிர்மதிப்புக்கு இடமின்றி அது சுழன்று 255 ஆகிவிட்டதாம்.

கதை அழகானது, உண்மையன்று. விளையாட்டை உருவாக்கிய சிட் மெய்யர், 2020இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அப்படியொரு பிழையே இருந்ததில்லை என்று மறுத்துவிட்டார். காந்திக்குரிய அதே மதிப்பு வேறு சில தலைவர்களுக்கும் இருந்தது. மிரட்டல் வாசகமும் அனைவருக்கும் பொதுவானது. லிங்கனும் அதையே சொல்வார். ஆனால் லிங்கன் மிரட்டியதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் காந்தியின் அணு ஆயுத நாட்டம் உச்சத்துக்கு உயர்த்தப்பட்டது. அதுவும் வேண்டுமென்றே, நகைச்சுவைக்காக.

பொய்யான விளக்கம் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம், அதில் எண்கள் இருந்தன என்பதே. 1, 2, 255 என்று அடுக்கியதும், நிரலைத் திறந்து பார்த்தவர் யார் என்னும் கேள்வி எவருக்கும் எழவில்லை. மேற்கோளிலிருந்து மேற்கோள் எடுக்கும் இப்பழக்கம் ஆய்வுலகுக்குப் புதிதும் அன்று.

இதன் மறுபக்கம் மொழி சார்ந்தது. கணினியின் படை நகரவாயில் வரை வந்து திரும்பினால், விளையாடுபவர் 'பயந்துவிட்டான்' என்கிறார். அஃறிணைப் பொருள்கள் பேசுவனபோலவும் கேட்பனபோலவும் கூறும் வழக்கை நன்னூலும் ஏற்கிறது. ஆகவே வழக்கில் குறையில்லை. அவ்வினைச்சொல்லையே விளக்கமாகக் கொள்ளும்போதுதான் சிக்கல். பல விளையாட்டுகளில் நிரல் ஒவ்வொரு முறையும் களத்தைப் புதிதாக மதிப்பிடுகிறது. முந்தைய முறையின் திட்டம் அதற்கு நினைவில் இல்லை. இரண்டு இலக்குகளின் மதிப்புகள் ஏறத்தாழ ஒன்றாயிருந்தால், ஒரு வீரன் ஓரடி நகர்ந்தாலே முடிவு புரண்டுவிடும். படை முன்னும் பின்னுமாக அலையும். அங்கே அச்சம் இல்லை. அஞ்சுவதற்கு ஒரு திட்டம்கூட இல்லை.

கடினநிலையை உயர்த்தினால் கணினி 'புத்திசாலியாகிறது' என்பதும் இவ்வகையே. சிவிலைசேஷன் வரிசையில் உயர்நிலைக் கணினிக்குக் கிடைப்பவை பெரும்பாலும் உற்பத்திச் சலுகைகள், சிந்தனை அதேதான். சலுகை பெற்றவரைத் திறமைசாலி என்று எண்ணுவது விளையாட்டில் மட்டும் நிகழ்வதன்று.

மொழி மாதிரிகளைப் பற்றிய ஆய்வேடுகளில் இன்று 'கருதுகிறது', 'புரிந்துகொள்கிறது', 'மறைக்கிறது' என்னும் வினைகள் தாராளமாகப் புழங்குகின்றன. அவற்றைத் தடைசெய்ய வேண்டியதில்லை. அவ்வினை எந்தக் கணக்கீட்டைச் சுட்டுகிறது என்பதை அடுத்த வாக்கியமாவது சொல்ல வேண்டும். சொல்லாதபோது நெறியாளர் கேட்க வேண்டும்.

எண் வழிதலை மாணவர்க்கு விளக்க ஆசிரியர்கள் காந்தியைத் தேடவும் வேண்டாம். 1996இல் ஏரியான் 5 ஏவூர்தி, 64 பிட் மதிப்பொன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்ற நிரலால் புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. அதற்கு விசாரணை அறிக்கையே இருக்கிறது.