ஏழையின் அட்டையும் கமக்காரரின் சந்தையும்

விளைவித்தவன் கையிலிருந்து உண்பவன் கைக்கு இடையில் எவருமின்றி உணவு செல்லும் இடமே கமக்காரர் சந்தை. அச்சந்தையின் வாயில் காசுள்ளவனுக்குத் திறந்தும், அரசின் உதவியால் வயிறு வளர்ப்பவனுக்கு மூடியும் இருக்குமாயின், அதனைப் பொதுச் சந்தை என்று அழைப்பது எங்ஙனம்? ஐக்கிய அமெரிக்காவின் கமக்காரர் சந்தைகளில் அரசின் உணவு உதவி அட்டையையும் வங்கிகளின் டெபிட் அட்டையையும் ஏற்கும் முறை பற்றிப் பல ஆண்டுகளாக வாதம் நடந்து வருகின்றது. இரண்டையும் ஒரே மேசையில் ஏற்க வேண்டும். அம்மேசையின் செலவை அரசே தாங்க வேண்டும் என்பது நமது துணிபு.

அந்நாட்டில் உணவு உதவி பிறந்ததே கமக்காரரின் இடுக்கணோடு பிறந்தது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். ஒருபுறம் விலைபோகாத விளைபொருள் குவிந்து கிடந்தது. மறுபுறம் வேலையற்றோர் பசித்திருந்தனர். 1939 மே மாதத்தில் நியூயோர்க் மாநிலத்து றொச்செஸ்ரர் நகரிலே உணவு முத்திரைத் திட்டம் தொடங்கியது. ஒரு டொலர் கொடுத்துச் செம்மஞ்சள் முத்திரை வாங்கியவருக்கு 50 சதம் பெறுமதியான நீல முத்திரை இனாமாகக் கிடைத்தது. நீல முத்திரைக்கோ, மிகைவிளைவென்று கமத்தொழில் திணைக்களம் அறிவித்த பொருள்களை மாத்திரமே வாங்கலாம். பசித்தவனுக்கு உணவு, உழுதவனுக்கு விலை என இரண்டையும் ஒரு முத்திரை நிறைவேற்றியது. 1943 இல் நின்றுபோன இத்திட்டம், 1961 இல் கென்னடியின் ஆட்சியில் மீண்டும் பரீட்சிக்கப்பட்டு, 1964 இல் ஜோன்சன் கையொப்பமிட்ட சட்டத்தால் நிலைபெற்றது.

கடதாசிச் சீட்டு இருந்த காலத்தில், அதற்கு அனுமதி பெற்ற எந்தக் கமக்காரரும் அதனைத் தம் கையால் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். பின்னர் அட்டை வந்தது. 1984 இல் பென்சில்வேனியாவின் றெடிங் நகரில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய மின் அட்டையை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டுமென 1996 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2004 அளவில் நாடெங்கும் அட்டையே வழங்கியது. 2009 உடன் கடதாசிச் சீட்டு முற்றாகச் செல்லாததாயிற்று. சீட்டை விற்றுக் காசாக்கும் கள்ள வாணிகத்தைக் கடினமாக்கிய சீர்திருத்தம் இது என்பதை நாம் மறுக்கவில்லை. மின்சாரமும் தொலைபேசித் தொடுப்பும் உள்ள பெருங்கடைகளுக்கு இதனால் குறையொன்றும் இல்லை. ஆனால், வெட்டவெளியில், லொறியின் பின்பலகையில் மரக்கறி பரப்பி விற்பவர் என் செய்வார்? சீர்திருத்தம் செய்தோர் அவரை எண்ணிப் பார்க்கவில்லை. சட்டம் எதுவும் அவரை விலக்கவில்லை, இயந்திரமே விலக்கியது.

இந்தத் தடையை உடைத்தவர்கள் சந்தைகளை நடத்துவோரே. சந்தையின் நடுவில் ஒரு மேசை. அதில் கம்பித் தொடுப்பு வேண்டாத ஓர் இயந்திரம். உதவி பெறுபவர் தம் அட்டையை அங்கே கொடுத்து, வேண்டிய தொகைக்கு மரவில்லைகளைப் பெறுகிறார். அவற்றைக் கொடுத்து எந்தக் கமக்காரரிடமும் பொருள் வாங்கலாம். சந்தை முடிந்தபின் கமக்காரர் வில்லைகளைக் கணக்கோடு ஒப்படைத்துப் பணம் பெறுகிறார். மதுபானமும், சவர்க்காரமும், சுடச்சுடச் சமைத்த உணவும் இவ்வில்லைகளுக்குக் கிடையா. மீதிக் காசும் கொடுக்கலாகாது. ஆயினும், உணவு தரும் பயிரின் விதையும் நாற்றும் வாங்கலாம்.

டெபிட் அட்டையையும் அதே மேசையில் ஏன் ஏற்க வேண்டும்? முதற்காரணம் கணக்கு. பெரிய வங்கிகள் ஒவ்வொரு டெபிட் கொடுப்பனவுக்கும் அறவிடக்கூடிய கட்டணத்திற்கு 2011 இல் ஓர் உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. அது 21 சதமும், தொகையில் பத்தாயிரத்தில் ஐந்து பங்கும் ஆகும். 3 டொலருக்குக் கீரை விற்கும் கமக்காரர் தாமே அட்டை வாங்கின், நூற்றுக்கு ஏழு வீதம் இதிலேயே போய்விடும். வாடிக்கையாளர் மேசையில் ஒரே முறையாக 30 டொலருக்கு வில்லை பெற்றுப் பத்துக் கமக்காரரிடம் வாங்கினால், அக்கட்டணம் நூற்றுக்கு ஒரு வீதத்தையும் எட்டாது. தனியொருவரால் தாங்கவியலாத சுமையைக் கூட்டாகத் தாங்குவதே கூட்டுறவின் பயன் அன்றோ?

இரண்டாவது காரணம் மானம். உதவி பெறுபவருக்கென்று தனி வரிசை வைப்பது, ஊரார் முன்னிலையில் அவருடைய வறுமையைப் பறைசாற்றுவதற்கு ஒப்பாகும். மருத்துவரும், எழுதுவினைஞரும், வேலையிழந்த தொழிலாளியும் ஒரே மேசையின் முன் ஒருவர் பின் ஒருவராய் நின்று வில்லை பெறும்போது, எவர் எந்த அட்டையை நீட்டுகிறார் என்று பார்ப்பார் இல்லை. மீதிக் காசு கொடுக்கலாகாது என்னும் விதியினால் வில்லைகள் வேறுபட வேண்டியிருப்பது உண்மையே. ஆனால் வரிசையாவது ஒன்றாயிருக்கட்டும்.

"கமக்காரர் சந்தையில் விலை அதிகம், ஏழைக்குப் பெருங்கடையே ஏற்றது" என்பாரும் உளர். விலை தடையாயின் அதனை நீக்கும் வழியும் அந்நாட்டிலேயே கண்டறியப்பட்டுள்ளது. பழமும் மரக்கறியும் வாங்குவதற்கு 2005 இல் நியூயோர்க் நகரச் சுகாதாரப் பகுதி இரண்டு டொலர்ச் சீட்டுகளை வழங்கலாயிற்று. 2009 இல் டெட்றொயிற் நகரில், உதவி அட்டையில் செலவிடும் தொகைக்கு ஈடான தொகையை மேலும் கொடுக்கும் திட்டம் எழுந்தது. 2014 ஆம் ஆண்டுக் கமத்தொழிற் சட்டம் இத்தகைய முயற்சிகளுக்கு ஐந்தாண்டுகளில் 10 கோடி டொலர் ஒதுக்கியது. இதற்கென உழைத்து 2017 இல் மறைந்த கஸ் ஷூமாக்கரின் பெயரை 2018 ஆம் ஆண்டுச் சட்டம் அத்திட்டத்திற்குச் சூட்டியது. 1939 இன் நீல முத்திரை வேறு வடிவில் திரும்பி வந்தது என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

உதவிப் பணத்தில் நூற்றில் ஒரு பங்கினும் மிகக் குறைவானதே இச்சந்தைகளை அடைகின்றது. இதற்காக இத்தனை பாடா என்பது மற்றொரு கேள்வி. அப்பங்கு ஏன் சிறியது என்பதையன்றோ கேட்க வேண்டும்? பெருங்கடைகள் தம் இயந்திரத்திற்குத் தாமே செலவிட வேண்டுமென 2014 இல் விதித்தபோது, கமக்காரர் சந்தைகளுக்கு விலக்களித்தது நன்றே. ஆனால் இயந்திரத்தின் பக்கத்தில் அமர்பவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? வில்லையை எண்ணிக் கணக்கெழுதுபவர் யார்? தொண்டர்களின் தயவில் நடக்கும் மேசை, தொண்டர் வராத அன்று மூடப்படும். தெருவும் பாலமும் போல் இம்மேசையும் பொதுத் தேவையே.

அட்டையின் பலம் அதன் பின்னால் நிற்கும் அரசின் வாக்கு. 2025 ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கி 43 நாட்கள் அமெரிக்க மத்திய அரசு முடங்கியபோது, ஏறத்தாழ 4 கோடி 20 இலட்சம் மக்களின் நவம்பர் மாத உதவி தடைப்பட்டு, நீதிமன்றம் வரை வழக்காயிற்று. பசி கட்சிச் சண்டைக்குப் பணயமாயிற்று. அட்டை வெறுமையானால் ஏழையின் கூடை மட்டுமா வெறுமையாகும்? அவரை நம்பி விதைத்த கமக்காரரின் பையும் அல்லவா வெறுமையாகும்?

கூப்பன் புத்தகத்தையும், 1979 இல் அதன் பின் வந்த உணவு முத்திரையையும் கண்ட நம்மவர்க்கு இவ்வாதம் புதியதன்று. உதவி எந்த வடிவில் வந்தாலும், அது எவர் கையில் போய்ச் சேர்கின்றது என்பதே முதற் கேள்வி. ஏழைக்குக் கொடுக்கும் காசு அவன் வயிற்றையும் நிரப்பி, அயலூர்க் கமக்காரனின் நிலத்தையும் உழுவிக்குமானால், ஒரே காசு இருமுறை பயன்படுகின்றது. அதற்கு ஒரு மேசையும் ஓர் இயந்திரமும் ஒரு கணக்கரும் போதும். அவற்றைக் கொடுக்க மனமில்லாத அரசு, ஏழையின் பெயராலும் பேசலாகாது. உழவனின் பெயராலும் பேசலாகாது.