ரெட் போட்டோம், ஃபாலோ எங்கே?

கேரம் பலகையின் முன் ஒரு நாளேனும் உட்கார்ந்தவர் எவரும் அறிந்த சட்டம் ஒன்று உண்டு, தோழர்களே! சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளிவிட்டால் மட்டும் அது நமக்குச் சொந்தமாகிவிடாது. தொடர்ந்து நம் நிறக் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். போட்டால், சிவப்பு நம்முடையது. தவறினால், விழுந்த சிவப்பைக் குழியிலிருந்து எடுத்து, பழையபடி பலகையின் நடுவே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அடித்த அடியும் வீண்; ஆரவாரமும் வீண்! 'ரெட் அண்ட் ஃபாலோ' என்று தெருப் பிள்ளைகள் சொல்வது இதைத்தான்.

தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்தச் சட்டம் நாட்டை நடத்துவோருக்கும் நகரை நடத்துவோருக்கும் தெரிந்திருக்கிறதா என்பதுதான் இன்று நம் கேள்வி.

2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலே கேரம் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. வடசென்னை தந்த பெண், ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள், காசிமா அங்கே சென்றார். தனிநபர், இரட்டையர், குழு என மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்று திரும்பினார். வரவேற்றோம், மாலை போட்டோம், மார்தட்டினோம். தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. வேண்டியதுதான், வாழ்த்துகிறோம். சிவப்புக் காய் சிறப்பாகவே விழுந்தது!

ஆனால் ஃபாலோ எங்கே?

இது முதல் சிவப்புமல்ல. 1991-இலும் 1995-இலும் உலக வாகையர் பட்டம் சூடி வந்தவர் சென்னையின் மரிய இருதயம். கேரம் ஆட்டத்துக்காக முதன்முதலில் அர்ஜுனா விருது பெற்றவரும் அவரே. 2008-இல் பிரான்ஸ் நாட்டுக் கான் நகரிலே உலகப் பட்டம் வென்றவர் வியாசர்பாடியின் இளவழகி. மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள். சர்வதேசக் கேரம் சம்மேளனம் 1988-இல் பிறந்ததே இந்தச் சென்னையிலேதான். திரைப்பட விழாவுக்குப் பெயர் போன கான் நகரிலே வியாசர்பாடியின் பெயர் ஒலித்தது என்றால், அது சாமானியமான செய்தியா? ஒவ்வொரு முறையும் உள்ளம் பூரித்தோம். ஒவ்வொரு முறையும் அடுத்த வாரமே மறந்தோம். விழுந்த காய் மீண்டும் நடுப்பலகைக்கே போயிற்று!

'போகட்டும் அய்யா, கேரம் என்ன பெரிய ஆட்டமா? வேலையற்றவன் மூலையிலே உட்கார்ந்து பொழுதைக் கொல்லும் விளையாட்டுத்தானே?' என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். டென்னிஸ் மட்டை பிடித்தால் அது திறமை. கோல்ஃப் மைதானத்திலே கோலைத் தூக்கினால் அது நாகரிகம். குப்பத்துப் பிள்ளை கேரம் பலகை முன் குனிந்தால் மட்டும் அது வெட்டிவேலையாம்! என்னே இவர்கள் அளவுகோல்! ஏக்கர் கணக்கில் புல்வெளி வளர்க்க இடமில்லாதவன், ஓடி விளையாட ஒரு சாண் மண்ணும் இல்லாத சந்திலே வாழ்பவன், எதைத்தான் ஆடுவான்? முக்கால் மீட்டர் சதுரத்துக்குள் அடங்கும் ஆட்டத்தை ஆடுகிறான். அதிலும் உலகை வெல்கிறான். அதற்குப் பெயரா வெட்டிவேலை?

அந்தச் சதுரத்தைச் சற்றே உற்றுப் பாருங்கள். ஆடுகளம் பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர். நான்கு மூலைகளிலும் 4.45 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழிகள். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று என 19 காய்கள். காய் ஒன்றின் எடை 5 முதல் 5.5 கிராம், விட்டம் 3.18 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது; விட்டம் 4.13 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. குழியைவிட ஸ்ட்ரைக்கர் மூன்றே மில்லிமீட்டர் சிறியது! காயைத் தொடர்ந்து ஸ்ட்ரைக்கரும் உள்ளே விழுந்து, பெற்ற காயையும் திருப்பி வைக்கச் செய்யும் 'மைனஸ்' என்ற பேரிடி எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதல்லவா? விரல் நுனியிலே வேகத்தையும், கண்ணிலே கோணத்தையும், நெஞ்சிலே நிதானத்தையும் வைத்திருப்பவனுக்கே இந்த ஆட்டம் வசப்படும். 25 புள்ளிகள் அல்லது எட்டுப் பலகைகள் என்று நீளும் போட்டியிலே ஒரு நொடிச் சலனம் போதும், ஆட்டம் கைமாறிவிடும்.

இந்தச் சட்டத்திலே ஒரு சமத்துவம் இருக்கிறது. அதைப் போற்றுகிறோம். ஒரு காலத்தில் யானைத் தந்தத்தில் கடைந்த ஸ்ட்ரைக்கர் வைத்திருப்பது செல்வர் வீட்டுப் பெருமை. இன்று தந்த வாணிகமே இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. உலோக ஸ்ட்ரைக்கரும் போட்டியிலே கூடாது. சீமான் வீட்டு ஸ்ட்ரைக்கருக்கும் சேரிப் பிள்ளையின் ஸ்ட்ரைக்கருக்கும் ஒரே உச்சவரம்பு, பதினைந்து கிராம். பணத்தைக் கொட்டினாலும் ஒரு கிராம் கூடுதலாக வாங்க முடியாது!

ஆனால், தோழர்களே, சட்டம் வழங்கும் அந்தச் சமத்துவம் போட்டி மண்டபத்தின் வாசலிலே தொடங்குகிறது. மண்டபத்திலேயே முடிந்தும் போகிறது. தெருவுக்கு அது வருவதில்லை!

பலகையின் பிளைவுட் குறைந்தது எட்டு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்பது விதி. பெரும் போட்டிகளில் வைக்கப்படுபவையோ அதைவிட எவ்வளவோ கனத்தவை. கனம் கூடினால் பலகை வளையாது, தளம் அதிராது, பக்கச் சட்டத்தில் பட்ட காய் ஒரே சீராகத் திரும்பும். விலையும் அதற்கேற்ப ஏறும். நாள் கூலியிலே வாழும் வீட்டுக்கு வருவது எது? விளையாட்டுச் சாமான் கடையின் வாசலிலே தொங்கும் மெல்லிய பலகை. முதல் மழைக்காலத்திலே ஓரம் விரியும். இரண்டாவது மழைக்காலத்திலே நடு வயிறு பள்ளமாகும். போரிக் பவுடருக்குக் காசில்லாத நாளில் முகத்துக்குப் பூசும் பவுடரைக் கொட்டித் தேய்க்கிறார்கள். காய் வழுக்குவதற்குப் பதில் ஒட்டிக்கொள்கிறது. காலியான பெயிண்ட் வாளியின் மேல் பலகை. தலைக்கு மேலே தெருவிளக்கு. அது எரிந்தால் ஆட்டம், அணைந்தால் உறக்கம்!

'அதனால் என்ன? கோணல் பலகையிலே பழகியவன் எதிலும் ஆடுவான்' என்பார்கள் சிலர். கேட்க வீரமாக இருக்கிறது, உண்மை வேறு. கோணல் பலகையிலே பழகுகிறவன் ஆட்டத்தைக் கற்பதில்லை. அந்தப் பலகையின் கோணலைக் கற்கிறான். இடப்பக்கம் சரிகிறதா? அவன் விரல் தானாகவே வலப்பக்கம் நகர்த்தி அடிக்கப் பழகிவிடும். மூலை மந்தமா? வேகத்தைக் கூட்டி அடிக்கப் பழகிவிடும். ஆண்டுக்கணக்கில் விரல் செய்த மனப்பாடம் அது. மாவட்டப் போட்டியின் மேடையிலே, வழுவழுப்பான நேர்ப்பலகையின் முன் உட்கார்ந்ததும் அந்த மனப்பாடம் முழுவதும் பொய்த்துப் போகிறது. எதிரே அமர்ந்திருப்பவன் அதே வகைப் பலகையில் வீட்டிலே ஐந்தாண்டு பழகியவன். தோற்றபின் என்ன சொல்கிறார்கள்? 'பையனுக்குத் திறமை போதாது' என்கிறார்கள்! திறமையா போதவில்லை? பிளைவுட் அல்லவா போதவில்லை!

இத்தனையையும் மீறி எழுந்தவர்கள்தாம் நாம் மாலை போட்டவர்கள். எழுந்தவர்களை எண்ணிவிட்டோம். எழ முடியாமல் அமுங்கியவர்களை யார் எண்ணினார்கள்?

கனடா நாட்டிலே கிரோக்கினோல் என்றொரு ஆட்டம் உண்டு. கேரமுக்கு உறவுமுறை சொல்லத் தக்க ஆட்டம். வட்டப் பலகை, விரலால் சுண்டப்படும் வில்லைகள், நடுவிலே ஒரு சிறு குழி, அதில் விழுந்தால் இருபது புள்ளி. 1876-இல் ஒண்டாரியோ மாநிலத்திலே ஒரு தகப்பன் தன் மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்குச் செய்து தந்த பலகைதான் அந்த ஆட்டத்துக்கு இன்று அறியப்பட்ட மிகப் பழைய பலகை. அந்த வட்டாரத்தின் டேவிஸ்டாக் என்ற சிற்றூர் என்ன செய்தது தெரியுமா? 'இது எங்கள் மண்ணின் ஆட்டம்' என்று நிமிர்ந்து நின்று, 1999-இல் உலகக் கிரோக்கினோல் போட்டியையே தன் ஊரிலே தொடங்கியது! ஒலிம்பிக்கில் அந்த ஆட்டம் இருக்கிறதா? இல்லை. அந்த ஊர் அதற்காக வெட்கப்பட்டதா? இல்லவே இல்லை! ஒரு சிற்றூருக்கு உள்ள பெருமிதம், உலக வாகையர்களைப் பெற்றெடுத்த மாநகருக்கு இருக்கக் கூடாதா? ஒலிம்பிக் பட்டியலிலே இல்லாத காரணத்தால் இளவழகியின் விரல் வலிக்கவில்லையா? காசிமாவின் கண் விழிக்கவில்லையா?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தெருமுனைப் பலகையைச் சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள். அனைவரும் ஆண்கள். இருட்டிய பிறகு அங்கே போய் நிற்கப் பெண் பிள்ளைக்கு அனுமதி ஏது? வீட்டிலே பலகை இருந்தால், தகப்பனோ தமையனோ சொல்லித் தந்தால், ஆட்டம் உண்டு, இல்லையேல் அடுப்படி. உலகப் பட்டங்களை அள்ளி வருகிறவர்கள் பெண்களாக இருக்க, அடுத்த பெண் உட்காரப் பொது இடத்திலே ஒரு நாற்காலி இல்லை என்றால், அந்த மாலைக்கும் அந்த மேடைக்கும் என்ன பொருள்?

நாம் கேட்பது வானத்து நிலவை அல்ல. மாநகராட்சி, நகராட்சி வட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு படிப்பகமோ சமூகக் கூடமோ இருக்கும். அங்கே போட்டித் தரத்தில் கனமான பலகை இரண்டு; ஆடாத தாங்கி; மேலிருந்து நேராக ஒளி வீசும் விளக்கு; ஆண்டு முழுவதற்கும் காயும் பவுடரும்; பூட்டித் திறக்கப் பொறுப்பான ஓர் ஆள். குடிசை மாற்றுக் குடியிருப்புகளிலே முதலில் தொடங்குங்கள். மாலை நேரத்திலே ஒரு பகுதியைப் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்குங்கள். பள்ளிக்கூடத்து அலமாரியிலே பலகை பூட்டிக் கிடந்தால், அதை வெளியே எடுங்கள். ஒரு கோடி ரூபாய்ப் பரிசைக் குறைக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்திலே இந்தச் சிறு செலவையும் வைக்கச் சொல்கிறோம். ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கும் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டதே, அது நல்ல பாதை. அந்தப் பாதை நகரத்துச் சந்துகளுக்குள்ளும் நுழையட்டும்!

வென்று வந்தவளுக்குப் பரிசளிப்பது நன்றி. வெல்லப் போகிறவளுக்குப் பலகை தருவதே நீதி. நன்றியைச் செலுத்திவிட்டோம், நீதி பாக்கி நிற்கிறது.

சிவப்பு விழுந்துவிட்டது, ஆள்வோரே! ஸ்ட்ரைக்கர் இப்போது உங்கள் கையிலே இருக்கிறது. உங்கள் காயும் குழியருகே நிற்கிறது. தவறவிட்டால் சிவப்பு மீண்டும் நடுவுக்குத்தான் போகும். அடியுங்கள்!