கட்டடம் திறக்க ஆள் இருக்கு, கொசுவை எண்ண ஆள் வேணுமுங்க

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி என்னைக்குத் திறந்தாங்கன்னு கேட்டா கட்சிக்காரங்க டக்குனு சொல்லுவாங்க. 2022 ஜனவரி 12. அன்னிக்கு ஒரே நாள்ல தமிழ்நாட்டில் 11 மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் காணொலியில் திறந்து வைத்தார். நல்ல விசயம், குறை சொல்லலை.

அதே ஆளுங்ககிட்ட இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்க. இந்த மாவட்டத்து சுகாதார அலுவலர் யாரு? அந்த நாற்காலியில் எத்தனை மாசமா இருக்கார்? தலையைச் சொறிவாங்க. எனக்கு வயித்தெரிச்சல் அங்கதான்.

டவுன்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு விளக்கம். சுகாதாரத்துறைன்னா ஆஸ்பத்திரின்னு நினைச்சுட்டு இருக்கோம். தமிழ்நாட்டில் தாலுக்கா, மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு இயக்குநரகம், மருத்துவக் கல்லூரிகளுக்கு இன்னொன்று. நோய் வராமல் தடுக்கிற பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம். கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், ஆரம்ப சுகாதார நிலையம், வட்டார மருத்துவ அலுவலர் என்று போகிற இந்த வரிசைக்கு மாவட்டத்தில் தலைவர் ஒருத்தர். முன்பெல்லாம் துணை இயக்குநர் என்பார்கள். இப்போது மாவட்ட சுகாதார அலுவலர்.

ஆஸ்பத்திரி டாக்டர் படுத்தவனைப் பார்க்கிறார். இவர் இன்னும் படுக்காதவனைப் பார்க்கணும். ரெண்டும் வேற வேற தொழில். ரெண்டாவது தொழிலுக்கு ஊர் தெரிஞ்சிருக்கணும்.

டெங்குவையே எடுத்துக்கங்க. அந்தக் கொசு சாக்கடையில் வளர்றதில்லை, நாம பிடிச்சு வைக்கிற நல்ல தண்ணியில் வளருது. முட்டை பொரிச்சுக் கொசுவாகப் பறக்க எட்டு, பத்து நாள் போதும். அதனால வாரம் ஒருக்கா வீட்டுக்கு வீடு போய் டிரம்மையும் தொட்டியையும் பார்க்கணும். இது புத்தகத்தில் இருக்கு. ஆனா எங்க ஊரு புத்தகத்தில் இல்லை.

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடுற நாள்ல பகல் பதினோரு மணிக்கு லைன் வீட்டுக்குப் போனா எல்லாக் கதவும் பூட்டுத்தான். குடிதண்ணி தினமும் வராத ஊரு, உள்ளே நாலு டிரம் நிரம்பி நிக்கும். "வீடு பூட்டியிருந்தது" என்று நோட்டில் எழுதினால் அன்னிக்கு வேலை முடிஞ்சது. கணக்கு சரியா இருக்கும், கொசுவும் சரியா இருக்கும்.

களத்தில் பழகின அலுவலர் அந்த நோட்டைப் பார்த்ததுமே பிடிச்சுடுவார். ஞாயித்துக்கிழமை போகச் சொல்லுவார். வாடகை வாங்குற வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசுவார். ஒடிசா, பீகார் குடும்பங்கள் இருக்கிற வீதிக்கு இந்தி தெரிஞ்ச ஆளை அனுப்புவார். அந்தக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி எந்த ஊர்ல பாதியில் நின்னதுன்னு கேட்டு எழுத வைப்பார். புதுசா வந்தவர் இதையெல்லாம் கத்துக்க ஒரு மழைக்காலம் ஆகுமுங்க. அந்த மழைக்காலத்துக்கு விலை கொடுக்கிறது யார் வீட்டுப் பிள்ளை?

எங்க மாவட்டமே 2009-ல் கோவையிலும் ஈரோட்டிலும் இருந்து பிரிச்சு உருவாக்கினது. ஒரு பக்கம் திருப்பூர் நெரிசல். இன்னொரு பக்கம் காங்கயம், தாராபுரம் காடு தோட்டம். உடுமலைக்கு மேலே மலைவாழ் மக்கள் குடியிருப்பு. இந்த மூணுக்கும் ஒரே சுற்றறிக்கை வேலைக்கு ஆகாது.

இதெல்லாம் நான் கண்டுபிடிச்சுச் சொல்ற புதுத் தத்துவம் இல்லை. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. பொது சுகாதாரத்துக்குன்னு தனியாகப் படிச்சவங்களைக் கீழிருந்து வேலை பழக்கி மேலே கொண்டு வர்ற முறை இங்கே இருக்கு. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கடற்கரை சுடுகாடா மாறின பிறகும் பெரிய தொற்றுநோய் எதுவும் வெடிக்கலை. குளோரின் போட்டது, தடுப்பூசி போட்டது, முகாமில் கழிப்பறை பார்த்தது எல்லாம் இந்த ஆட்கள்தான். உலக வங்கி ஆய்வாளர் மோனிகா தாஸ் குப்தாவும் கூட இருந்தவர்களும் 2009-ல் எழுதின ஆய்வு, மத்த மாநிலங்கள் தமிழ்நாட்டைப் பார்த்துக் கத்துக்கலாம் என்றது. அவங்க சுட்டின முக்கியமான காரணமே தனி இயக்குநரகம், தனி நிதி, கிராமத்திலும் நகரத்திலும் பல வருசம் வேலை பார்த்துத் தலைமைக்கு வர்ற அதிகாரிகள். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலத்துக்கும் இப்படி ஒரு பணிப்பிரிவு வேணும்னுச்சு. 2022-ல் மத்திய அரசு அதுக்கு வழிகாட்டுதலும் வெளியிட்டது.

ஊருக்கெல்லாம் விதை கொடுத்தவன் வீட்டில் விதைப்பானை காலியா இருந்தா எப்படி இருக்கும்? மாவட்ட நாற்காலி காலியானா பக்கத்து அதிகாரிக்குக் "கூடுதல் பொறுப்பு" என்று ஒரு தாள் போதும்னு நினைக்கிற பழக்கம் ஒழியணும். ரெண்டு மாவட்டத்தைப் பார்க்கிறவர் ரெண்டையும் பார்க்க மாட்டார், கையெழுத்துத்தான் போடுவார். ஓய்வு பெற ஆறு மாசம் இருக்கிறப்ப ஒருத்தரைக் கொண்டு வந்து உக்கார வைக்கிறது அவருக்குப் பண்ணுற மரியாதை, ஊருக்குப் பண்ணுற வேலை இல்லை.

"அப்போ வயசான ஆளைத்தான் போடணுமா?" என்பீங்க. இல்லைங்க. சீனியாரிட்டி வேற, அனுபவம் வேற. இருபது வருசம் தலைமை அலுவலகத்தில் ஃபைல் தள்ளினவரை விட, எட்டு வருசம் வட்டாரத்தில் வண்டி ஓட்டிச் சுத்தினவர் எனக்குப் போதும். பிஏபி வாய்க்கால் கரையில் நடந்து பழகின லஸ்கருக்கு எந்த மடை கசியும்னு தண்ணி வர்றதுக்கு முன்னாடியே தெரியும். அவரை வயசு பார்த்து நாங்க மதிக்கலை.

"கலெக்டர் இருக்காரே" என்பீங்க. இருக்கார். தேர்தல், பட்டா, வறட்சி, மனுநீதி நாள் எல்லாத்துக்கும் அவர்தான். காய்ச்சல் பரவின பிறகு ஆய்வுக்கூட்டம் போடுவார். அந்தக் கூட்டத்தில் "ஐயா, இந்தக் கணக்கு தப்பு" என்று எழுந்து சொல்ல ஒரு ஆள் வேணும். வேலை தெரிஞ்சவருக்குத்தான் அந்தத் தைரியம் வரும். கம்பெனி முதலாளியிடம் போய் "உங்க ஹாஸ்டல் தண்ணித்தொட்டியைக் கழுவுங்க" என்று சொல்லவும் அதே தைரியம்தான் வேணும். ஆண்டுக்கு 30,000 கோடிக்கு மேல் ஏற்றுமதி பண்ணுற ஊருங்க இது. சொல்றவர் நாளைக்கு மாறிப் போற ஆளுன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

கேக்கறது மூணே மூணு. களத்தில் வேலை பார்த்த, பொது சுகாதாரம் படிச்ச ஆளை முழுநேரமாகப் போடுங்க. குறைஞ்சது மூணு மழைக்காலமாவது இருக்க விடுங்க. இருக்கிறவர் ஓய்வு பெறுமுன்னே அடுத்தவரைக் கூட நடக்க விடுங்க. இதுக்கு ஒரு செங்கல் கூட வாங்க வேண்டியதில்லை.

நீங்க போட்டுட்டு இருக்கிற பனியனைத் தைச்சவங்க எங்க ஊரு லைன் வீட்டில்தான் இருக்காங்க. உங்க எம்எல்ஏ அடுத்த தடவை கட்டடம் திறக்க வந்தா, உங்க மாவட்டத்து சுகாதார அலுவலர் முழுநேரமா, கூடுதல் பொறுப்பான்னு கேட்டுப் பாருங்க. பதில் என்ன வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க.