ஸ்விட்ஸர்லாந்து போகிறீர்களா? முதலில் பட்டியலைப் பாதியாக்குங்கள்



தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வருகிற மே மாதம் குடும்பத்தோடு ஸ்விட்ஸர்லாந்து போக ஏற்பாடு. ஏழு வயதுப் பையன், ஒரு வயதுக் கைக்குழந்தை, எழுபது வயது மாமியார். மாமியாருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. டிராவல்ஸ்காரர் கொடுத்த பட்டியலில் எட்டு நாளில் எட்டு ஊர்! "அத்தையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்கிறார் இவர். அத்தை வாயைத் திறக்கவில்லை, முகம்தான் வாடிப் போயிற்று. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

என் பதில் இதுதான். அத்தையை விட வேண்டாம், பட்டியலை விடுங்கள். டாக்டர் சரி என்றால் அத்தையைத் தாராளமாக அழைத்துப் போகலாம். எப்படி என்று பார்ப்போம்.

இரண்டே ஊர் போதும்

ஸ்விட்ஸர்லாந்து 41,285 சதுர கிலோமீட்டர்தான். நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஸூரிக்கிலிருந்து லுஸெர்ன் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். லுஸெர்னிலிருந்து இன்டர்லாக்கன் இரண்டு மணிக்குள். அப்புறம் எதற்குத் தினம் ஒரு ஓட்டல், தினம் மூட்டை கட்டுவது? லுஸெர்னில் மூன்று இரவு, இன்டர்லாக்கனில் நாலு இரவு என்று தங்குங்கள். காலையில் போய் மாலையில் திரும்பி விடலாம். பெரியவர்களுக்கு ஒரு நாள் முடியாவிட்டால் அறையிலேயே படுத்திருக்கலாம். குழந்தையும் பழகின கட்டிலில் தூங்கும்.

மே மாதம் போகிறவர்கள் ஏப்ரலை ஒட்டிப் போகாமல், மாதக் கடைசியில் போவது நல்லது. வசந்த காலத்தில் சில மலை ரயில்களையும் கம்பி வண்டிகளையும் பராமரிப்புக்காக நிறுத்தி வைப்பார்கள். முன்கூட்டியே விசாரித்துக்குங்க. அந்தச் சமயத்தில் பனி உருகுவதால் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் அருவிகள் நிறைந்து விழும். அங்கே ஸ்டாவ்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம். கீழே நின்று பார்க்க ஏற வேண்டியதே இல்லை, பெரியவர்களுக்குச் சௌகரியம்.

விசாவும் இன்ஷ்யூரன்ஸும்

இந்த நாடு ஐரோப்பிய யூனியனில் இல்லை, பணமும் யூரோ இல்லை, ஃப்ராங்க். ஆனால் விசா மட்டும் ஷெங்கன் விசாதான். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுச் செய்யலாம். கடைசி நாள் பதினைந்து நாள் முன்பு என்றாலும் அதுவரை காத்திருக்காதீர்கள். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் எடுத்ததாகவும், திரும்பும் தேதிக்கு அப்புறம் மூன்று மாதமாவது செல்லுபடியாகக் கூடியதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கைரேகை கிடையாது. ஆறு வயதுக்குக் கீழ் கட்டணமும் கிடையாது.

குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷ்யூரன்ஸ் கட்டாயம். இதில்தான் ஜாக்கிரதை வேண்டும். விசாவுக்காக மலிவாக ஒன்றை வாங்கி விடுகிறோம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்தை அதில் எழுதினோமா, அதனால் வரும் சிக்கலுக்குப் பணம் தருவார்களா என்று பார்ப்பதில்லை. அங்கே ஆஸ்பத்திரிச் செலவு நம் சேமிப்பையே கரைத்து விடும். நோயை மறைக்காமல் எழுதி, அதற்கும் சேர்த்தே எடுங்கள். பிரீமியம் கூடத்தான் கூடும். கூடட்டுமே!

மாத்திரைப் பை

மருந்துகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கையில் வைத்துக் கொள்ளுங்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும், கம்பெனிப் பெயர் அங்கே புரியாது. இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. விமானத்தின் அடியில் குளிரில் உறைந்தால் பலன் போய் விடும். மே மாதத்தில் நம்மைவிட அங்கே மூன்றரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். ஊசி, மாத்திரை வேளைகளை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 144, போலீஸ் 117, பொது அவசர எண் 112. மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்து விடுங்கள்.

மலை ஏறுவதற்கு முன்

எல்லாருக்கும் யுங்ஃப்ராயோஹ் மேல்தான் ஆசை. 3,454 மீட்டர் உயரத்துக்கு 1912லேயே ரயில் விட்டுவிட்டார்கள். நம் ஊட்டியே 2,240 மீட்டர்தான், நினைத்துப் பாருங்கள்! அந்த உயரத்தில் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், சிலருக்குக் குமட்டும்.

அதனால் படிப்படியாகப் போங்கள். முதலில் லுஸெர்ன் பக்கத்து ரிகி மலை. சுமார் 1,800 மீட்டர், ஊட்டியைவிடத் தாழ்வு. 1871ல் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் ஓடியது இங்கேதான். அத்தை அங்கே சிரமமில்லாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். அதற்கு மேல் போவதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், கைக்குழந்தைக்காரர்களும் கேட்காமல் போகக் கூடாது. ஜலதோஷம் உள்ள குழந்தையைத் தூக்கிக் கொண்டு போகவே வேண்டாம், காது வலியில் துடித்துப் போகும். ஜலதோஷம் இல்லாத குழந்தைக்கும் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்துக் கொண்டே வந்தால் காது அடைக்காது. மேலே யாருக்காவது தலைவலி அதிகமானால் போட்டோவை மறந்து, அடுத்த ரயிலில் கீழே இறங்கி விடுங்கள்.

ஒரு நாள் அப்பாவும் பையனும் மேலே போகட்டும். மாமியாரும் மருமகளும் குழந்தையோடு பிரியன்ஸ் ஏரியில் படகில் போங்கள். இன்டர்லாக்கனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பச்சைத் தண்ணீரும் மலையும் பார்த்துக் கொண்டு உட்கார்ந்தே போகலாம். அதுவும் சுற்றுலாதானே!

இன்னொன்று. மலை உச்சிக்கு முன்னாலேயே டிக்கெட் வாங்கி விடாதீர்கள். உச்சியில் காமிரா வைத்து டெலிவிஷனில் காட்டுவார்கள். காலையில் பார்த்து, வானம் தெளிவாக இருந்தால் கிளம்புங்கள். மேகம் மூடினால் அவ்வளவு பணம் கொடுத்தும் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள்.

ரயில் பாஸ்

வெளிநாட்டவர்களுக்கென்று ஸ்விஸ் டிராவல் பாஸ் உண்டு. 3, 4, 6, 8, 15 நாள் கணக்கில் கிடைக்கும். ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அதில் அடக்கம். ரிகி மலையும் இலவசம். யுங்ஃப்ராயோஹுக்கு ஓரளவு தள்ளுபடிதான். ஆறிலிருந்து பதினாறு வயதுக்குள் உள்ள பிள்ளைகள் பெற்றோரோடு இலவசமாக வர ஃபேமிலி கார்டு உண்டு. பாஸ் வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். அதிகம் சுற்றாதவர்களுக்குப் பாதிக் கட்டண அட்டை லாபமாக இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இன்டர்லாக்கனில் தங்குகிறவர்களுக்கு விருந்தினர் அட்டை தருவார்கள். உள்ளூர் பஸ்ஸுக்கு அதுவே போதும்.

சமையல் கவலை

ஓட்டலைவிடச் சமையலறையோடு கூடிய வீடு நமக்கு ஏற்றது. அங்கே 'ஃபெரியன்வோனுங்' என்பார்கள். அடுப்பு இண்டக்ஷனாக இருக்கலாம், அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது. அடி தட்டையான எவர்சில்வர் குக்கர் கொண்டு போங்கள். நம் உருண்டைக் கால் மூன்று பின் பிளக்கும் அங்கே நுழையாது. அடாப்டர் ஒன்று வேண்டும்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, இட்லி மிளகாய்ப் பொடி எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா, வெண்ணெய், மாமிசப் பண்டம் கொண்டு போகத் தடை. மோர் மிளகாயையும் வீட்டிலேயே வைத்து விடுங்கள், அதிலும் தயிர் இருக்கிறதல்லவா! குழந்தைப் பால் பவுடர் மட்டும் பிரிக்காத டின்னாக 2 கிலோ வரை கொண்டு போகலாம். பச்சைக் கறிவேப்பிலை, காய்கறி கூடாது. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தடையில்லை. 1980களிலிருந்து குடியேறிய இலங்கைத் தமிழர்கள் ஸூரிக், பெர்ன், பாஸெல் ஊர்களில் கடை வைத்திருக்கிறார்கள். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் அங்கேயே வாங்கிக் கொள்ளலாம். நெய்க்கு அந்த ஊர் வெண்ணெயையே காய்ச்சுங்கள். வீடே மணக்கும்!

சைவக்காரர்கள் இரண்டு விஷயம் கவனிக்க. உருளைக்கிழங்கு 'ரோஸ்டி'யில் சில இடங்களில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். 'ஓனே ஃப்ளைஷ்' என்று சொன்னால் 'மாமிசம் வேண்டாம்' என்று அர்த்தம். சூப் கேட்டாலும் எந்த ரசத்தில் செய்தது என்று விசாரியுங்கள். க்ரூயேர் போன்ற பாலாடைக் கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைப்பொருள் சேர்கிறது. ஆசாரமானவர்கள் தவிர்க்கலாம். சாதாத் தயிர் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

தண்ணீரை விலைக்கு வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீர் அருமை. தெருத் தொட்டிகளிலும் பிடிக்கலாம், 'கைன் டிரிங்க்வாஸர்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு. சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி விடுங்கள். மறந்து போனால் பெரிய ரயில் நிலையத்துக் கடைதான் கதி.

பெட்டியில் மறக்காமல்

ஒரே கனத்த கோட்டைவிட, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று மெல்லிய உடுப்பு நல்லது. வழுக்காத ஷூ, எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி (பனியில் வெயில் கண்ணைக் கூசும்), முகத்துக்குக் கிரீம். புடவைதான் என்கிற பெரியவர்களுக்கு உள்ளே கம்பளிக் காலுறை போட்டு விடுங்கள். கழிவறையில் தண்ணீர் வசதி இராது. சின்னப் பிளாஸ்டிக் குவளை ஒன்று அவசியம். சொல்லக் கூச்சப்பட வேண்டாம், அங்கே போனதும் எல்லாரும் தேடுவது அதைத்தான்.

இன்று மாலையே அத்தையோடு டாக்டரிடம் போய் வாருங்கள். டிக்கெட் எல்லாம் அதற்கப்புறம்.