மலக்குழி அல்லாத குழி: மீத்தேன் கணக்கும் விடுபடும் உயிர்களும்

நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகளில் 'நொதித்தல்' என்றொரு கட்டம் உண்டு. நசுக்கிய இலையைப் பரப்பி வைத்து, அது செம்பு நிறத்துக்கு மாறும்வரை காத்திருப்பார்கள். பெயர்தான் நொதித்தல்; உண்மையில் அங்கே இலையின் நொதிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. ஆக்சிஜன் உள்ள இடத்தில் மீத்தேன் உருவாகாது. அது பிறக்கக் காற்றுப்புகாத இடமும், தேங்கிய நீரும், அதில் கரைந்த மாவோ சர்க்கரையோ கொழுப்போ வேண்டும். தேயிலை உலர்முறைத் தொழில். நாலரைக் கிலோ அளவு பச்சைத் தேயிலை ஒரு கிலோ தூளாகிறது. எஞ்சிய எடையில் பெரும்பகுதி இலையின் ஈரம், அது ஆவியாகிப் போய்விடும். ஆகவே உணவு பதப்படுத்தும் தொழில்களின் மீத்தேன் வரைபடத்தில் குன்னூரும் கோத்தகிரியும் ஏறக்குறைய வெற்றிடங்களே. உலர்த்தும் அடுப்புகளில் எரியும் விறகு பற்றிய கேள்வி வேறு.

இந்த வெற்றிடத்தைக் காட்டி 'மலை தூய்மையானது' என்று சுற்றுலாத் துறையினர் மகிழக்கூடும். நமக்கு அந்த மகிழ்ச்சி இல்லை. ஏன் என்பதற்கு முதலில் சமவெளிக்கு இறங்க வேண்டும்.

2016ஆம் ஆண்டுக்கான இந்திய அரசின் கணக்கில் நாட்டின் மீத்தேனில் ஏறத்தாழ 74 விழுக்காடு வேளாண்மையிலிருந்தும், 14.5 விழுக்காடு கழிவுகளிலிருந்தும் வருகிறது. 2021இல் கிளாஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்ற உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்திடவில்லை. நெல்லும் மாடும் சிறு விவசாயியின் வாழ்வாதாரம் என்பது அரசு சொன்ன காரணம். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஆலைக் கழிவுநீர் சிறு விவசாயியின் வாழ்வாதாரம் அன்று. அது 'கழிவு' என்ற தலைப்புக்குள் ஒதுங்கிக் கிடப்பதால் அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்தின் சேகோ ஆலைகளை எடுத்துக்கொள்வோம். மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவைப் படியவிட்ட பின் எஞ்சும் நீர் பால்போல் வெளுத்திருக்கும். இரண்டு நாளில் புளித்து நாறும். அந்நீரின் கரிமச் சுமையில், அதாவது அதிலுள்ள அழுக்கைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவில், ஒவ்வொரு கிலோவும் அதிகபட்சம் கால் கிலோ மீத்தேன் தரவல்லது என்பது பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் கணக்கு. ஆழமான திறந்த குட்டையில் விட்டால் அதில் ஐந்தில் நான்கு பங்கு வெளியேறும். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. பால் பண்ணைகள், வடிப்பாலைகள், இறைச்சிக் கூடங்கள் அனைத்துக்கும் இதே கணக்குதான். சேகோ ஆலைகளில் பல இப்போது கலன்களை மூடி, வாயுவைப் பிடித்து எரிபொருளாக்குகின்றன. இது நல்ல மாற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் மூடிய கலனிலும் வண்டல் படியும். அந்த வண்டலை அள்ள ஒருவர் இறங்க வேண்டியிருக்கும்.

மீண்டும் மலைக்கு வருவோம். மீத்தேனை உருவாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி வெப்பம் உகந்தது. 15 டிகிரிக்குக் கீழே அவை ஏறக்குறைய முடங்கிவிடும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஆண்டின் பெரும்பகுதி அவற்றுக்கு உறக்கக் காலம். இதுவும் கணக்கில் மலைக்குச் சாதகமாகவே தெரியும். ஆனால் உயிரிகள் உறங்கினால் வண்டல் செரிக்காது. செரிக்காத வண்டல் விரைந்து சேரும். விடுதிகளின் தொட்டிகளையும் தோட்ட லயன்களின் குழிகளையும் அடிக்கடி திறக்க நேரும். வளிமண்டலத்துக்குப் போகும் மீத்தேன் குறைகிற அளவுக்குக் குழிக்குள் போகும் மனித உழைப்பு கூடுகிறது. எந்த உமிழ்வுப் பட்டியலிலும் இந்த இரண்டாவது வரி இல்லை.

அந்த உழைப்பு யாருடையது? நமஸ்தே திட்டத்தின்கீழ் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்கிறது ஒன்றிய அரசின் தரவு. கோடைப் பருவத்தில் உதகையின் விடுதிகள் கொட்டும் உணவுக்கழிவு தீட்டுக்கல் குப்பைக் கிடங்குக்கும், குன்னூருடையது ஓட்டுப்பட்டறைக்கும் போய்ச் சேர்வதே வழக்கம். (தீட்டுக்கல் என்பதற்குக் கத்தி தீட்டும் கல் என்றே பொருள் இருக்கலாம். ஆயினும் குப்பை கொட்ட இடம் தேடியவர்களுக்கு அந்தப் பெயர் உறுத்தவில்லை.) மட்காமல் குவியும் உணவே குப்பைமேட்டு மீத்தேனின் மூலப்பொருள். அதைத் தரம் பிரிக்கும் கைகளின் சாதியை நான் சொல்லி வாசகர் அறிய வேண்டியதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். என் தொழில் அது. சில ஆண்டுகளுக்கு முன் சமவெளி ஆலையொன்றில் இறந்த ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பத்தார் என்னிடம் வந்தனர். முதல் தகவல் அறிக்கையில் 'கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி' என்றிருந்தது. மலக்குழி மரணம் என்று எண்ணி, கையால் மலம் அள்ளுவோர் தடைச் சட்டம் 2013இன்கீழ் மனு எழுதத் தொடங்கினேன். எதிர்த்தரப்பு ஒரே வரியில் மறுத்தது: அது உணவுக் கழிவுநீர்த் தொட்டி, அதில் மனித மலம் இல்லை.

அவர்கள் சொன்னது சட்டத்தின் எழுத்துப்படி சரி. 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'அபாயகரமான தூய்மைப்பணி' என்பதைச் சாக்கடைக்கும் மலக்குழிக்கும் மட்டுமே பொருத்துகிறது. இரண்டுமே மனிதக் கழிவைக் கொண்டே வரையறுக்கப்பட்டுள்ளன. வாயுவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. மீத்தேன் மணமில்லாமல் ஆக்சிஜனை வெளித்தள்ளும். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் பொறி பட்டு வெடிக்கும். உடன் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் முகரும் உணர்வையே மழுங்கடித்துவிட்டுக் கொல்லும். முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். தொட்டிக்குள் மலம் இருந்ததா மாவு இருந்ததா என்பது சாவில் வேறுபாட்டை உண்டாக்குவதில்லை, வழக்கில் உண்டாக்குகிறது.

எவ்வளவு வேறுபாடு? மலக்குழி மரணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. பல்ராம் சிங் வழக்கில் 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆலைத் தொட்டியில் இறந்த 30 வயதுத் தொழிலாளிக்கு, மாத ஊதிய உச்சவரம்பான 15,000 ரூபாயைக் கொண்டு தொழிலாளர் இழப்பீட்டு முறையில் கணக்கிட்டால் சுமார் 15.6 லட்சம். குறைந்த ஊதியத்தைப் பதிவேட்டில் காட்டினால் இதுவும் குறையும். 2013 சட்டத்தின் குற்றங்கள் பிணையில் விட முடியாதவை. ஆலை உரிமையாளர் மீது பெரும்பாலும் பதிவாவதோ கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்.

தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் 36ஆம் பிரிவு தெளிவாகவே இருந்தது. வாயு இருக்கக்கூடிய தொட்டியிலோ குழியிலோ, தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தராமல், அல்லது சுவாசக் கருவியும் வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றுடன் இணைந்த இடைவாரும் இல்லாமல் எவரையும் இறக்கக் கூடாது என்றது. ஆனால் மின்சக்தியுடன் 10 பேர் வேலை செய்யும் இடமே அச்சட்டப்படி தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் அந்த எண் 20. சிறிய அரவை ஆலைகளும், பால் குளிரூட்டும் கூடங்களும், இனிப்புத் தயாரிப்பு அறைகளும் 'தொழிற்சாலை' என்ற சொல்லிலிருந்தே இறங்கிவிட்டன. பதிவேட்டில் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டப் புதிய தூண்டுதலும் கிடைத்துவிட்டது.

நான் எடுத்த வழக்கில் ஒரு வழி கிடைத்தது. தொழிலாளர் கழிப்பறையின் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டோம். அதே தொட்டியில்தான் சேர்ந்தது. மலம் சேர்ந்து தங்கிச் சிதையும் தொட்டி சட்டப்படி மலக்குழிதான் என்று வாதிட அது இடம் தந்தது. ஒரு குடும்பத்தின் நீதி ஒரு குழாயின் போக்கைப் பொறுத்திருப்பது வெட்கக்கேடு. ஆயினும் கையில் இருக்கும் கருவியை விட முடியாது.

எனவே களத்திலுள்ள தோழர்களுக்கு ஒரு வேலை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்கு வழங்கும் இசைவாணையில் மனிதக் கழிவுநீரும் தொழிற்கழிவுநீரும் எவ்வளவு, எங்கே வெளியேறுகின்றன என்பது தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் அந்த ஆணையைக் கேளுங்கள். தொட்டியின் கொள்ளளவையும், வண்டல் கடைசியாக எப்போது, எந்த ஒப்பந்தக்காரரால் அகற்றப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இறப்பு நிகழ்ந்த பிறகு கேட்டால் தொட்டியும் குழாயும் மாற்றப்பட்டிருக்கும். 2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் கடன் வணிகத் திட்டம் வளர வளர, வாயுவைப் பிடிக்கும் ஆலைகள் அதன் ஒவ்வொரு கனமீட்டரையும் அளந்து பதியும். அந்தப் பதிவேட்டில், கலனுக்குள் எத்தனை முறை ஆள் இறங்கினார் என்ற ஒரு பத்தியையும் சேர்க்கச் சொல்லி இப்போதே மனு கொடுக்கலாம்.