கடைமடையில் கட்லா

பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தின் (பி.ஏ.பி.) வாய்க்காலின் கடைக்கோடியில் கிடக்கும் வெள்ளகோவிலில் மீன் வளர்ப்பு என்றால் யாருக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். முருங்கையும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் செழிக்கும் வறண்ட பூமி இது. ஆனால், மானியம் மண்ணைப் பார்த்து வருவதில்லை. 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன்குளம் வெட்டப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் 60 சதவீதம் மானியம் உண்டு. குளத்தை நிரப்புவது அவரவர் பாடு.

25 சென்ட் குட்டை என்பது ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானாலே 6,000 லிட்டர் காலி. தினம் ஒரு லாரித் தண்ணீர். கட்லாவும் ரோகுவும் ஒரு கிலோ எடைக்கு வர எட்டு, பத்து மாதம் ஆகும். பி.ஏ.பி. பாசனமோ நான்கு மண்டலங்களாகச் சுழல்கிறது; ஒரு மண்டலத்துக்கு முறை வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு. பக்கத்து வட்டமலைக்கரை அணையே கால் நூற்றாண்டு வறண்டு கிடந்து, 2021 இறுதியில்தான் வாய்க்கால் தண்ணீரைக் கண்டது. அப்படியானால் குட்டைக்குத் தண்ணீர்? போர்வெல்தான். மீன் விற்ற காசு ஒருவருக்கு, வற்றிய கிணறு பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு.

கடலோரம் இதை முன்பே பார்த்துவிட்டது. இறால் பண்ணைகளால் நிலமும் குடிநீரும் உப்பாவதை எதிர்த்து காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. 2005இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அந்தத் தொழிலுக்கு மறுபடி வழிவிட்டது. நமக்கோ கடலே இல்லாமல் உப்பு வந்து சேர்ந்தது. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையும், 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவும் நொய்யல் கரையில் யாருக்கும் மறக்கவில்லை. அந்த ஆற்றோரக் கிணற்று நீரைச் சோதிக்காமல் குஞ்சு விடுவது வீண்செலவு.

மீனே வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஓராண்டு நெருக்கி வளர்த்த பெரிய குஞ்சுகளை வாய்க்கால் திறக்கும்போது விட்டால், ஐந்தாறு மாதத்தில் பிடித்துவிடலாம். மீன் கழிவு கலந்த தண்ணீர் முருங்கைக்கும் தென்னைக்கும் உரமாகப் பாயும். அத்தகைய குஞ்சுகளை அமராவதி நகர் அரசு மீன் பண்ணையில் வளர்த்து, மண்டல முறை தொடங்கும் வாரத்தில் கொடுக்கலாம். மீன்வளத் துறையும் நீர்வளத் துறையும் ஒரே நாட்காட்டியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மானிய விண்ணப்பத்தில் பட்டா எண் கேட்கிறீர்கள். பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.