உப்புக்கு இருக்கும் அவசரம் உயிருக்கு இல்லையா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தோலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உரித்த சில மணி நேரத்துக்குள் பச்சைத் தோலில் உப்பு ஏற வேண்டும். தவறினால் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும், முடி கழன்று வரும், தோல் நாறிப்போகும். "காலையில பாத்துக்கலாம்" என்று எந்தத் தோல் வியாபாரியும் சொல்ல மாட்டார். சொன்னால் நஷ்டம்!

அதே ஊரில் ராத்திரி பத்து மணிக்கு ஒருவருக்கு வாய் கோணி, ஒரு கை தொங்கிப்போனால் என்ன சொல்கிறார்கள்? "படுக்க வை, காலையில பாத்துக்கலாம்."

தமிழ் வீட்டில் அதற்குப் பெயர் வாதம். உருது பேசும் வீட்டில் ஃபாலிஜ். பெயர்தான் வேறு, தாமதம் ஒன்றுதான். ஒரு பக்கம் எண்ணெய் தேய்ப்பு, இன்னொரு பக்கம் புறா ரத்தம். சில கிளினிக்குகளில் ஒரு பாட்டில் குளுக்கோஸ், நாக்குக்கு அடியில் ஒரு பி.பி. மாத்திரை. அந்த இடைவேளையில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் தூக்கம் வராது.

பக்கவாதத்தில் பாதிக்கு மேல் ரத்தக்குழாய் அடைப்பால் வருவது. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் என்ற நரம்பியல் மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அடைப்பின் மையத்தில் இருக்கும் செல்கள் முதலில் போய்விடும். சுற்றியுள்ள பகுதி அரை உயிரோடு காத்திருக்கும். இதற்குப் பெயர் பெனம்ப்ரா. காப்பாற்ற முடிந்தது இதைத்தான்.

காத்திருக்கும் செல்கள் சும்மா இருப்பதில்லை. எலிகளில் செய்த சோதனைகள் இதை விவரமாகக் காட்டியுள்ளன. அடைப்பு விழுந்து ஒரு மணி நேரம் முடிவதற்குள் ஃபாஸ், ஜுன் போன்ற ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. அடுத்து டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 என்ற அழற்சிப் புரதங்களுக்கான ஜீன்கள். பிறகு ரத்தக்குழாயின் உள்சுவரில் ஐகேம்-1 என்ற பசை முளைக்கிறது. வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டி உள்ளே இறங்குகின்றன. எம்.எம்.பி.-9 என்ற நொதி ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அரிக்கிறது. மனிதர்களிலும், 3 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்திலேயே வெள்ளை அணுக்களின் ஜீன் செயல்பாடு மாறியிருப்பதை 2006-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஆக, உடம்பு நிமிடக் கணக்கில் ஓடுகிறது. ஊர் மட்டும் விடியட்டும் என்கிறது!

கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரக் கெடு என்கிறார்களே, அது ரேஷன் கடை மூடும் நேரம் மாதிரி யாரோ வைத்த விதி இல்லை. 1995-இல் 3 மணி நேரம் என்று நிரூபித்தார்கள், 2008-இல் நாலரை வரை நீட்டினார்கள். நேரம் போகப் போகக் காப்பாற்ற வேண்டிய திசு குறைகிறது, அரித்துப்போன தடுப்பு வழியே ரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது.

"அப்படியானால் அந்த ஜீனை அடக்க மருந்து வரட்டுமே" என்று சிலர் கேட்கிறார்கள். பத்திரிகைகளும் 'பக்கவாத ஜீன் கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்தில் போடுகின்றன. பழைய கதையைப் பாருங்கள். ஐகேம்-1 பசையைத் தடுக்கும் என்லிமோமாப் என்ற மருந்தை 625 நோயாளிகளிடம் 6 மணி நேரத்துக்குள் தொடங்கிச் சோதித்தார்கள். முடிவு 2001-இல் வந்தது. மருந்து வாங்கியவர்களின் நிலை, வாங்காதவர்களைவிட மோசம்! அழற்சி குப்பை அள்ளும் வேலையும் பார்க்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அடக்க முடியாது. ஆராய்ச்சி நடக்கட்டும். அது இதுவரை உறுதியாகக் கற்றுத்தந்த பாடம், அடைப்பைச் சீக்கிரம் திற என்பதுதான்.

இன்னொரு சாக்கு: "இப்போ 24 மணி நேரம் வரைக்கும் கட்டியை எடுக்கலாமாமே?" எடுக்கலாம். 2018-இல் வந்த ஆய்வுகள் அதைக் காட்டின. ஆனால் பெரிய குழாய் அடைப்பு, ஸ்கேனில் இன்னும் உயிருள்ள திசு என்று தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும். அதை எல்லோருக்குமான அனுமதிச் சீட்டாக நினைப்பது ஆபத்து.

"படிக்காத சனம், என்ன செய்வது?" என்று கைகழுவுவதும் அயோக்கியத்தனம். 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவில் முதன்முதலாக நரம்பியல் துறையை ஆரம்பித்தது வேலூர் சி.எம்.சி.யில். ஆம்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், நடுவே தேசிய நெடுஞ்சாலை. 108 வண்டி 2008-இலிருந்து ஓடுகிறது. இத்தனை இருந்தும் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் சாயும் பெண்ணை "பி.பி.யா இருக்கும், ரெஸ்ட் எடு" என்று மூலையில் உட்கார வைத்தால் அது யார் அறியாமை? கூலியில் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடிக்கத் தெரிகிறது, முதலாளி பங்கு 3.25 சதவீதம் கட்டத் தெரிகிறது. முகம், கை, பேச்சு, நேரம் என்ற நாலு வார்த்தையைச் சுவரில் எழுதத் தெரியாதா?

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது, புரையேறும். பி.பி.யைத் தடாலென்று இறக்கக் கூடாது, பெனம்ப்ராவுக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். ரத்தக்கசிவா அடைப்பா என்று ஸ்கேன் சொல்லும் முன் ஆஸ்பிரினும் கூடாது. இரவிலும் சி.டி. ஸ்கேன் எடுத்து ஊசி போடும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். அது எது என்று ஒவ்வொரு டேனரியும், ஒவ்வொரு தெருவும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. டாக்டர்கள் கணக்கிடும் நேரம், ஆள் விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரம் இல்லை. கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம். ஐந்து நிமிடம் லேட்டாக வந்தால் கூலி பிடிக்கும் கம்பெனிகளே, அந்த நேரத்தையும் ஒருமுறை குறித்து வைத்து ஆம்புலன்ஸில் கொடுத்து அனுப்புங்கள்.

ஆட்டுத்தோலுக்குக் கொடுக்கும் மரியாதையை ஆளுக்கும் கொடுத்தால் போதும்.